பிறேக் இல்லாத ஊரில் சைக்கிள் பழகியவன்

1

இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. தாளை அமர்த்திப் பிடிக்க மறுகை உதவாததால் வரிகள் கொஞ்சம் ஏறி இறங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைத்தலத்தில் அடிபட்டதோ என்று யாரும் பதற வேண்டாம். மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கத்தியோடு நிற்கிற எனக்கு இத்தனை வருடத்தில் அங்கே ஒரு கீறல்கூட விழவில்லை. நான் விழுந்தது சைக்கிளில் இருந்து. பட்டப்பகலில், ஒரு சனிக்கிழமை, தெருவே பார்த்துக்கொண்டு நிற்க விழுந்தேன்.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் உள்ள எங்கள் ஊர் புளியங்கூடலில் என்னை அறிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஹான்டிலைத் தொடாமல் ஊர்காவற்றுறை வரை சைக்கிள் ஓடுகிறவன் என்று ஒரு காலத்தில் எனக்குப் பெயர் இருந்தது. அப்பா ஊருக்கு வந்து நின்ற சமயம் அந்தப் பெயர் அவருடைய காதிலும் விழுந்து, நான் முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அப்படிப்பட்டவன் முப்பத்தைந்து வயதில், தன் சின்ன மகளுக்கு முன்னால் எப்படி விழுந்தான் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விழுந்தது நல்லதாய்ப் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2

நான் இருப்பது நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு சின்ன மீன்பிடிப் பட்டினம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, இரண்டுக்கும் நடுவிலுள்ள சரிவில் வீடுகள். இந்தப் பட்டினத்தில் தமிழ்க் குடும்பம் என்று இருப்பது நாங்கள் மூன்று பேர்தான். நான், மனைவி ரஞ்சி, மகள் சுகி. நான் முதலில் வந்தேன். இரண்டு வருடம் கழித்து ரஞ்சி கைக்குழந்தையோடு வந்திறங்கினாள். இப்போது சுகிக்கு ஏழு வயது.

பதிவுக் கந்தோரில் எங்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பெயர் எங்களிடம் இல்லை, எனக்கு ஒரு பெயர் உண்டு, என் அப்பாவுக்கு ஒரு பெயர் உண்டு என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் அப்பாவின் பெயரை எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயராக எழுதிவிட்டா. அன்றிலிருந்து இந்த வீட்டில் எல்லோரும் சின்னத்தம்பி. இரட்டைப் பின்னலும் பல் விழுந்த வாயுமாகப் பள்ளிக்கூடம் போகிற என் மகள் சின்னத்தம்பி. மாமனாரின் பெயரைக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து வாயால் சொல்லியிராத ரஞ்சி, இப்போது தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தினமும் காலையில் அந்தப் பெயரைத்தான் கையெழுத்தாக வைக்கிறாள். முதல் மாதம் கைகூசினது என்று சொன்னாள். இப்போது யாராவது "சின்னத்தம்பி" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

முதியவர்களோடு நாள் முழுக்கப் பேசிப் பேசி ரஞ்சிக்கு இந்த ஊர்ப் பாஷை நன்றாக வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. இயந்திரச் சத்தத்துக்குள் காதை மூடிக்கொண்டு மீன் வெட்டுகிறவனுக்கு எங்கிருந்து பாஷை வரும்? என்னிடம் இருப்பது தொழிற்சாலைப் பாஷை. பெட்டி, ஐஸ், கத்தி, கெதியாய், நாளைக்கு. அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையோடு பேச ஏலாது.

இந்த நிலையில்தான் சுகி தமிழில் பேசுவதை விட்டாள். பள்ளிக்கூடம் தொடங்கி, முதல் பனி கொட்டிய நாட்களாக இருக்கும். நான் தமிழில் கேட்டால் அவள் நோர்வே மொழியில் பதில் சொன்னாள். முதலில் பகிடி என்று நினைத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டில் தாயும் மகளும் பள்ளிக்கூடத்துக் கதைகள் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அவர்கள் சிரிக்கிற நேரம் பார்த்துச் சிரிப்பேன்.

"அவளுக்கு எல்லாம் விளங்குது தானே, விடுங்கோ" என்றாள் ரஞ்சி.

"அவளுக்கு விளங்குது. எனக்கு விளங்கேல்லை" என்றேன்.

அதுதான் என் பயம். தமிழ் அழிந்துவிடும் என்ற பெரிய கவலை எல்லாம் எனக்கு இல்லை, அதற்குக் கவலைப்பட ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். இப்படியே இன்னும் கொஞ்சக் காலம் போனால் என் மகள் சொல்வது எனக்கே விளங்காமல் போய்விடும் என்று பயந்தேன்.

3

சித்திரை முடிந்து றோட்டில் பனி கரைந்ததும் இங்கே பிள்ளைகள் சைக்கிள்களோடு வெளியே வருவார்கள். சுகியும் சைக்கிள் கேட்டாள். கேட்டது தாயிடம், நோர்வே மொழியில். ஆனால் எனக்கு அது விளங்கியது, ஏனென்றால் அவர்களும் சைக்கிளை சைக்கிள் என்கிற மாதிரித்தான் சொல்கிறார்கள். எனக்குள் ஒரு சந்தோஷம் பிடித்தது. இந்த நாட்டில் என் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம் ஒன்று அகப்பட்டுவிட்டது.

நான் சைக்கிள் பழகிய கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தது அப்பாவின் சைக்கிள். அப்பா தென்னிலங்கையில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். வருடப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். மற்ற நாட்களில் சைக்கிள் விறாந்தைச் சுவரில் சாய்ந்து நிற்கும். அதைக் காப்பது அம்மாவின் பொறுப்பு. தீவில் உப்புக் காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. அதனால் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் தானும் முழுகி, சைக்கிளையும் கவனிப்பா. சீலைத்துண்டைத் தேங்காயெண்ணெயில் தோய்த்து, ஹான்டில், பார், மட்கார்ட், ஒவ்வொரு கம்பி என்று ஒன்றும் விடாமல் பூசுவா. றிம்மிலும் பூசுவா. றிம்மில் தேங்காயெண்ணெய் இருந்தால் பிறேக் கட்டை எதைப் பிடிக்கும்? பிறேக்கை இறுக்க இறுக்கச் சைக்கிள் சுகமாக வழுக்கிக்கொண்டு போகும். அப்பாவுக்கு இது தெரியும். ஆனால் வருடம் முழுக்கத் தனியே வீட்டைப் பார்க்கிற அம்மாவிடம் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லைப்போலும். அவரும் செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் சைக்கிளை நிறுத்துவார்.

ஊரில் மற்ற வீடுகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். பிறேக் என்பது யாழ்ப்பாணப் பட்டினத்து ஆட்களுக்கான சாமான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்களுக்கு அது தேவையும் இல்லை. எங்கள் தீவில் மலை இல்லை, மேடு இல்லை. குளக்கட்டில் ஏறி நின்றால் அதுதான் உயரம்.

எனக்குப் பழக்கியது சரசு அக்கா. எனக்கு ஏழு வயது, அவவுக்குப் பதினொன்று இருக்கும். அறுபதுகளின் தொடக்கம். மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் அக்கா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளை உருட்டி வெளியே எடுப்பா. சீற்றில் இருந்தால் எங்கள் இருவருக்கும் கால் எட்டாது. பாருக்குக் கீழால் ஒரு காலை மறுபக்கம் விட்டு, உடம்பை வளைத்துக்கொண்டு ஓட வேண்டும். அக்கா அதில் வலு கெட்டிக்காரி.

அவவின் பாடம் வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பும் வரைக்கும் தொடங்கவில்லை. காற்று நன்றாக எழும்பிய ஒரு நாள், வயல்வெளி ஒழுங்கையின் மேற்குத் தலைப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனா.

"நீ உழக்காதை. பேசாமல் நில். காத்துக் கொண்டுபோகும்" என்றா.

"நிப்பாட்டிறது எப்பிடி?"

"வரம்பு வரும். வரம்பிலை ஏறினால் நிக்கும்."

"நிக்காட்டி?"

"நிக்காட்டி கடல் வரும்" என்று சொல்லித் தள்ளிவிட்டா.

காற்று என்னைக் கொண்டுபோனது. வரம்பு வந்தது, சைக்கிள் ஏறியது, நான் மறுபக்கம் வயலுக்குள் இறங்கினேன். பிறகு இரண்டு பேரும் காற்றுக்கு எதிரே சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பவும் மேற்குத் தலைப்புக்குப் போனோம். அந்தச் சோழகம் அடங்குமுன் நான் ஓடப் பழகிவிட்டேன்.

வளர்ந்து இளந்தாரியானபோது ஓட்டத்தில் ஸ்டைல் வந்தது. எங்கள் ஊர் ஸ்டைல் என்னவென்றால், முன்னுக்கு நாலு உழக்கு உழக்கி வேகம் எடுத்த பிறகு, காலைப் பின்னுக்குச் சும்மா சுற்றுவது. பின்சில்லில் பிறீவீல் 'கிரிக் கிரிக் கிரிக்' என்று சத்தம் போடும். சைக்கிள் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும், நாங்கள் தலையை நிமிர்த்தி எங்கேயோ பார்த்தபடி பின்னுக்குச் சுற்றிக்கொண்டு கோயிலடியைக் கடப்போம். அந்தச் சத்தத்தைக் கேட்டே யார் போகிறான் என்று சொல்லுவார்கள். மனம் குளிர்ந்தால் என் கால் தானாகவே பின்னுக்குச் சுற்றும். அது பழக்கமாகவே ஊறிவிட்டது.

அக்கா பெரியபிள்ளையானதும் சைக்கிளில் கை வைக்க விடவில்லை. இப்போது புங்குடுதீவில் வாழ்க்கைப்பட்டு, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியால் பஸ்ஸில் போய் வருகிறா. என்னைவிட நன்றாக ஓடியவ. அதை நினைக்க எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சுகி கேட்ட அன்றே சைக்கிள் வாங்கிவிட வேண்டும் என்று நான் நின்றதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

4

யாரோ ஓடி வளர்ந்துவிட்ட சின்னச் சிவப்புச் சைக்கிள் ஒன்று கிடைத்தது. வாங்கும்போதே கவனித்தேன், ஹான்டிலில் பிறேக் இல்லை. அட, இவர்களும் எங்களைப்போலத்தான் என்று நினைத்தேனே தவிர, மலையில் வீடு கட்டி இருக்கிற சனம் பிறேக் இல்லாமல் சைக்கிள் செய்யுமா என்று யோசிக்கவில்லை.

மீன் இறக்கும் துறைக்குப் பக்கத்தில் பரந்த வெளி ஒன்று உண்டு. அங்கே கூட்டிக்கொண்டு போனேன். சுகி ஏறி இருந்தாள். நான் சீற்றைப் பிடித்துக்கொண்டு, "உழக்கு, உழக்கு" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்தான் கெடுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னும் கெட்டியாகப் பிடிக்கும்படி தன் பாஷையில் சொன்னபோது, இதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது.

"பிடியுங்கோ அப்பா எண்டு தமிழிலை சொல்லு, பிடிக்கிறன்" என்றேன்.

அவள் சொல்லவில்லை. நானும் பிடிக்கவில்லை. சைக்கிள் ஆடிச் சரிந்தது. முழங்காலில் தோல் கொஞ்சம் உரிந்தது. அவள் அழாமல் எழும்பி, சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தாள். பின்னால் நான் "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் பார்த்தால் அவள் பக்கத்து வீட்டு ஆர்னேயோடு நிற்கிறாள். ஆர்னே கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட வயதான மீனவர், நல்ல மனிதர். வீடு கூட்டுகிற தும்புத்தடி ஒன்றைச் சைக்கிளின் பின்புறம் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு சுகியோடு நடந்தார். நான் குசினி யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் ஓயாமல் கதைத்தார்கள். அந்த வார முடிவுக்குள் சுகி தனியாக ஓடினாள், தானாகவே நிறுத்தினாள். எப்படி நிறுத்துகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. எரிச்சலில் அதைக் கவனிக்கவும் இல்லை.

"பிள்ளை ஓடுறாள். உங்களுக்குச் சந்தோசம் இல்லையே?" என்றாள் ரஞ்சி.

"சந்தோசம்தான்."

"முகத்தைப் பார்த்தால் ஆரோ செத்த மாதிரிக் கிடக்கு."

"நீர் சும்மா இரும்" என்றேன். ஏழு வயதுப் பிள்ளையோடு பிடிவாதம் பிடித்து, எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பை ஆர்னேயிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

5

தோற்றவனுக்குத்தான் வீறாப்பு வரும். அடுத்த சனிக்கிழமை ஆர்னே தன் பெரிய சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றார். சுகி தன் சைக்கிளோடு பக்கத்தில் நின்றாள். அவளுடைய சிநேகிதிகள் இரண்டு மூன்று பேரும் நின்றார்கள். நான் போய், சைகையால் ஆர்னேயிடம் சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். சைக்கிள் ஓட்டம் என்றால் என்ன என்று இந்தப் பிள்ளை ஒருமுறை பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம்.

எங்கள் வீட்டு வாசலில் இருந்து தெரு நேரே கடலுக்கு இறங்குகிறது. ஏறி உட்கார்ந்து நாலு உழக்கு உழக்கினேன். சைக்கிள் பறந்தது. இப்படி ஒரு வேகத்தைச் சோழகம்கூட எனக்குத் தந்ததில்லை. காது குளிர்ந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஹான்டிலில் இருந்து ஒரு கையை எடுத்தேன். பின்னால் சிறுமிகள் ஆரவாரம் செய்தது கேட்டது. மனம் குளிர்ந்துவிட்டது. தலையை நிமிர்த்தி எங்கேயோ பார்த்தபடி, காலைப் பின்னுக்குச் சுற்றினேன்.

கிரிக் கிரிக் என்று ஒன்றும் கேட்கவில்லை. பின்சில்லு அப்படியே பூட்டிக்கொண்டது. மாரியில் றோட்டு வழுக்காமல் இருக்கப் போட்ட சல்லி இன்னும் ஓரமெல்லாம் கிடந்தது. அதில் சைக்கிள் ஒரு பக்கம் போக, நான் மறுபக்கம் போனேன்.

ஆர்னேயும் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். ரஞ்சி மாப் பிசைந்த கையோடு வந்தாள். ஆர்னே என்னைத் தூக்கி இருத்தி, கையைத் தடவிப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று கண்டு, பிறகு சைக்கிளைக் காட்டி நீளமாக ஏதோ விளக்கினார். எனக்கு "கால்" என்ற சொல் விளங்கியது. மற்றது ஒன்றும் விளங்கவில்லை. தொழிற்சாலையில் பெரியவர் பேசும்போது செய்கிற மாதிரியே, ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

சுகி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆர்னேயிடம் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று ரஞ்சியிடம் பிறகு கேட்டு அறிந்தேன். "அப்பாவுக்கு விளங்கேல்லை. விளங்காட்டித்தான் அப்பிடித் தலையாட்டுவார்" என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு என் முன்னால் குந்தி இருந்து, பெடலைக் கையால் பின்னுக்குத் தள்ளிக் காட்டினாள்.

"அப்பா, இதுதான் பிறேக். பின்னுக்கு உழக்கினால் நிக்கும். கெதியாய் உழக்கக் கூடாது. கெதியாய் உழக்கினால் விழுவீங்கள்." கொஞ்சம் யோசித்தாள். "இப்ப விழுந்த மாதிரி."

முழுத் தமிழ். ஒரு சொல் பிசகவில்லை. பனிக்காலம் முழுவதும் எங்கே வைத்திருந்தாளோ தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கை நோகிறதாக்கும் என்று நினைத்து அவள் ஊதிவிட்டாள். நோவு இருந்ததுதான், ஆனால் அதற்கு அழவில்லை.

"எனக்கு இது தெரியாது பிள்ளை. எங்கடை ஊர்ச் சைக்கிள் பின்னுக்கு உழக்கினால் நிக்காது. சத்தம்தான் போடும்" என்றேன்.

"நான் பழக்கிறன். ஆனால் நான் சொல்லுறதைக் கேக்க வேணும்."

"கேக்கிறன்."

6

அடுத்த சனிக்கிழமையே பாடம் தொடங்கியது. கட்டுப் போட்ட கையை ஹான்டிலில் சும்மா வைத்துக்கொண்டு நான் ஏறி இருக்க, சுகி பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். நான் விழுந்தால் அந்தச் சின்னக் கையால் என்னைப் பிடிக்க ஏலாது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவசரத்தில் எனக்கு நோர்வே மொழி ஏறாது என்று அவளுக்குத் தெரியும், ஆகவே கட்டளை எல்லாம் தமிழில்தான். தெரியாத சொல் வந்தால் சைக்கிளை நிற்பாட்டிக் கேட்பாள்.

"அப்பா, இதுக்கு என்ன பேர்?" தெரு கீழே போகிற இடத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இறக்கம்" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் தீவில் சைக்கிளுக்குத் தேவைப்படாத சொல் அது.

"இறக்கம் வருது அப்பா. காலை நிப்பாட்டுங்கோ. மெல்ல பின்னுக்கு, மெல்ல, மெல்ல. அதென்ன, திருப்பியும் மறந்திட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்வேன். அவள் பெருமூச்சு விட்டு, முதலில் இருந்து சொல்லித்தருவாள். இடையில் பள்ளிக்கூடத்துக் கதை வரும், வாத்தியாரம்மா தன்னைச் சின்னத்தம்பி என்று கூப்பிட்ட கதை வரும், தனக்குப் பிடிக்காத சிநேகிதியின் கதை வரும். எல்லாம் தமிழில். திரும்பி மேலே ஏறும்போது சைக்கிளை நான் உருட்ட, அவள் பக்கத்தில் கதைத்துக்கொண்டு வருவாள். ஏற்றம் நல்ல நீளம்.

மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன. சைக்கிளை ஒவ்வொரு முறையும் இரவல் தருகிற ஆர்னேக்கு என்மேல் பெரிய அனுதாபம். இவ்வளவு மந்தமான ஆளை இந்தப் பிள்ளை எப்படிப் பொறுக்கிறாள் என்று ரஞ்சியிடம் கேட்டாராம். ரஞ்சி என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. நல்லவேளை, அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உங்களுக்குச் சொல்லலாம். அந்தப் பிறேக் எனக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. சுகிக்கு இன்னும் தமிழ் வாசிக்கத் தெரியாது, அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.